ஒன்றரை அங்குலம்

அத்தியாயம் 4

“கார் ரேஸ்ல ஜெயிக்க என்னங்க வேணும்?”
“நல்ல கண்ணு, நல்ல காலு.”
“அவ்வளவுதானா?”
“நல்ல அப்பா.”

தையல் மெஷினுக்கு அடியில் தவழ்ந்து துப்பறிந்த முதல் ஆள் நானாகத்தான் இருப்பேன்.

“வக்கீல், கிடைச்சுதா?” என்றார் மேடம், மேலேயிருந்து.

“ரெண்டு ஊசி, ஒரு பட்டன், என் மானத்துல ஒரு பகுதி. இதுவரைக்கும் இவ்வளவுதான் மேடம்.”

“மிதிக்குப் பின்னாடி பாருங்க.”

பார்த்தேன். மண்டையை இடித்துக்கொண்டேன். நூல் பிசிறுகளுக்கு நடுவே, நாலாக மடித்த ஒரு துண்டுக் காகிதம். எடுத்துக்கொண்டு வெளியே வந்தபோது தலையில் மூன்று நிற நூல் ஒட்டியிருந்தது. மேடம் சிரிக்கவில்லை. அவர் சிரித்து நான் பார்த்தது ஒரே ஒரு தடவை. மூன்றாவது முறையாக நான் டிரைவிங் டெஸ்டில் ஃபெயிலான அன்று.

என்னை எல்லோரும் வக்கீல் என்று கூப்பிடக் காரணம், நான் சட்டக் கல்லூரியில் இரண்டு வருடம் படித்ததுதான். நான் வக்கீல் ஆகாததற்கும் அதுவேதான் காரணம். மேடம் அப்படியில்லை. எடுத்ததை முடிப்பவர். இருபத்திரண்டு வருடம் இன்சூரன்ஸ் கம்பெனிக்காக நசுங்கிய கார்களைச் சுற்றிச் சுற்றி வந்து, ‘இது விபத்து, இது வேண்டுமென்றே இடித்தது’ என்று எழுதிக்கொடுத்தவர். இப்போது தனியாகத் துப்பறிகிறார். நசுங்கிய கார்களுக்குப் பதிலாக நசுங்கிய மனிதர்கள் வருகிறார்கள்.

இந்த வாரம் வந்தவர் அக்கா.

பந்தய மைதானத்தில் முதலாளி முதல் காவலாளி வரை அவரை அப்படித்தான் கூப்பிட்டார்கள். மைதானத்தின் பின்வாசலுக்கு எதிரே ஒரு தையல் கடை. ரேஸ் ஓட்டுகிறவர்கள் கழுத்திலிருந்து கணுக்கால் வரை ஒரே உடுப்பாகப் போட்டுக்கொள்கிறார்களே, அந்த சூட்டைத் தைப்பதும் பிரிப்பதும் அவர் தொழில். எரியாத துணி. அதைத் தைக்கிற நூலும் எரியாத நூல். நெஞ்சிலும் முதுகிலும் கையிலும் பணம் போடுகிற கம்பெனிகளின் பெயர்களை ஒட்டித் தைப்பதும் அவரே. நடக்கிற பெயர்ப்பலகைகளாக ஊர்ப் பிள்ளைகளை எல்லாம் மாற்றி அனுப்பிவிட்டு, சொந்தத் தம்பியின் சூட்டை மட்டும் வெறும் நெஞ்சோடு அனுப்பிக்கொண்டிருந்தார். அதில் பெயர் போட யாரும் முன்வரவில்லை.

விஷயம் இதுதான். டீமில் ஒரு சீட் காலியானது. ‘காசு முக்கியமில்லை, திறமைதான் முக்கியம். ஒரே நாள், ஒரே கார், யார் வேகமோ அவருக்கே சீட்’ என்று டீம் ஓனர் பத்திரிகைக்காரர்களைக் கூட்டி ஒரு டெஸ்ட் அறிவித்தார். கடைசியில் நின்றது இரண்டு பேர். ஒருவன் அக்காவின் தம்பி. எப்போதும் மற்றவர்கள் ஓட்டிக் கழித்த டயரிலேயே ஓட்டுவதால் அவனுக்கு மைதானத்தில் ‘பழைய டயர்’ என்று பெயர். இன்னொருவன், காரின் இரண்டு பக்கமும் பெயர் எழுதியிருக்கிற சிமெண்ட் கம்பெனி முதலாளியின் ஒரே மகன். அப்பா பெரிய சிமெண்ட். இவன் சின்ன சிமெண்ட்.

காலையில் தம்பி ஓட்டினான். ஒரு நிமிடம் முப்பத்திரண்டு புள்ளி ஒன்று. மத்தியானம் சின்ன சிமெண்ட் ஓட்டினான். ஒரு நிமிடம் முப்பத்தொன்று புள்ளி நாலு. முந்தின நாள் வரை அதைவிட நாலு விநாடி பின்னால் உருண்டுகொண்டிருந்தவன்.

அது நடந்து மூன்று வாரம். இன்று மாலை ஐந்து மணிக்கு ரேஸ் சங்கத்தில் சீட்டைப் பதிவு செய்கிறார்கள். அதற்குள் புகார் போனால் விசாரணை. போகாவிட்டால் சின்ன சிமெண்ட்டுக்கு வாழ்த்துகள்.

“கடிகாரத்துல ஏதோ செஞ்சிருக்காங்க மேடம்,” என்றார் அக்கா. புகார்ப் படிவத்தை ஏற்கெனவே நிரப்பி, கையெழுத்துப் போட்டு, கத்தரிக்கோலுக்கு அடியில் வைத்திருந்தார்.

“இல்லைக்கா. நேத்து பூரா அதைத்தான் பாத்தோம். கடிகாரம் சரி. கோட்டைத் தாண்டின நேரமும் சரி.”

“அப்ப அவன் நிஜமாவே அவ்வளவு வேகமா?”

“அந்தக் கார் அவ்வளவு வேகம். அவ்வளவுதான் இப்போதைக்கு எனக்குத் தெரியும்.”

அக்கா ஊசியில் நூலைக் கோத்துக்கொண்டே பேசினார். “நான் வேலியோரமா நின்னுக்கிட்டிருந்தேன் மேடம். அந்தக் கார் என்னைத் தாண்டிப் போச்சு பாருங்க... வாய்விட்டே சபிச்சேன். ‘நாசமாப் போடா, உன் கை விளங்காமப் போக’ன்னு. சபிச்ச வாயை மூடல. போர்டுல டைம் வந்து நிக்குது.”

“தம்பி அப்ப எங்க இருந்தார்?”

“என்னால பாக்க முடியாதுக்கான்னு மத்தியானமே போயிட்டான். பாவம், அவன் மனசு எனக்குத் தெரியாதா.”

மெஷின் மேல் கிடந்தது சின்ன சிமெண்ட்டின் சூட். முதுகில் சிமெண்ட் கம்பெனியின் பெயரை இன்னும் பெரிதாகத் தைக்க வேண்டுமாம். கூடவே அளவையும் பழையபடி மாற்ற வேண்டுமாம். முன்பு அளவை மாற்றச் சொல்லி ஓனர் ஆபீசிலிருந்து வந்த காகிதத்துக்காகத்தான் நான் தவழ்ந்தது. மேடம் அதைப் பிரித்தார். இரண்டே வரி. இடுப்பு 4 குறைக்கவும். கால் 1½ கூட்டவும்.

“டெஸ்டுக்கு முந்தின வாரம் வந்துச்சு,” என்றார் அக்கா. “பையன் டயட்ல இருக்காராம். இப்ப டயட் முடிஞ்சு போச்சு போல, திரும்பப் பிரிக்கச் சொல்றாங்க. பணக்கார உடம்பு, ஏறும், இறங்கும். நமக்கென்ன?”

“கால் எதுக்கு கூட்டினாங்க?”

“உக்காந்தா மேல ஏறுதுன்னாங்க.” சொல்லிவிட்டு அக்கா ஒரு கணம் சூட்டைப் பார்த்தார். பிறகு பிரிக்கத் தொடங்கினார்.

வெளியே வந்து மேடம் தன் காரைத் திறந்தார். நான் பக்கத்து இருக்கையில் ஏறினேன். அதுதான் சட்டப்படி எனக்கு அனுமதிக்கப்பட்ட இடம்.

“வக்கீல், உங்க இடுப்பு கடைசியா எப்ப மாறுச்சு?”

“போன மாசம் மேடம். நல்லதுக்கில்ல.”

“உங்க கால் கடைசியா எப்ப வளர்ந்துச்சு?”

“அது... பதினேழு வயசுல...” என்று ஆரம்பித்தவன், வாயை மூடிக்கொண்டேன். எனக்கும் சில சமயம் விளக்கு எரியும். மின்சாரம் வர நேரமாகும், அவ்வளவுதான்.

---

கார்களை நிறுத்தியிருந்த கூடத்தில் ரப்பர் வாசனை. டயர்க்காரர் ஒரு பழைய டயரைச் சுரண்டிக்கொண்டிருந்தார். அவர் பக்கத்தில் இரும்பு அலமாரியில் புது டயர்கள் பிளாஸ்டிக் உறைகூடப் பிரிக்காமல் அடுக்கியிருந்தன. ஒவ்வொன்றிலும் பேனாவால் பெரிதாக எழுதியிருந்தது சின்ன சிமெண்ட்டின் பெயர்.

“இதுல ஒண்ணு எடுத்து வேற யாருக்காவது போட்டா என்ன ஆகும்?” என்றேன்.

“என் வேலை போகும் சார். சிமெண்ட்டுல இருந்து எண்ணி அனுப்பறாங்க, எண்ணி எடுத்துப்பாங்க.”

“பழைய டயருக்கு?”

“டயரைக் கேக்கறீங்களா, ஆளைக் கேக்கறீங்களா?”

“ஆளை.”

“இவர் ஓட்டித் தூக்கிப் போட்டதைத் தேடி எடுத்து, சுரண்டிக் குடுப்பேன். டெஸ்ட் அன்னிக்கும் அதான். கார் ஒண்ணுதான், ரூல் ஒண்ணுதான். டயர் மட்டும் அவரவர் கொண்டு வரணும்னு ரூல்ல ஒரு வரி.” அவர் சுரண்டியைத் தட்டினார். “ஒரே மேடைதான் சார். ஒருத்தனுக்கு நாற்காலி, ஒருத்தனுக்கு ஆணி.”

மேடம் அதற்குள் காருக்கு அடியில் படுத்துவிட்டார். ஐம்பத்து மூன்று வயதில், இஸ்திரி போட்ட சட்டையோடு. நான் படுத்தால் எழுப்ப ஆள் வேண்டும் என்பதால் நின்றபடியே மரியாதை செய்தேன்.

“இந்த அடிப்பலகை புதுசா இருக்கே,” என்றார் அடியிலிருந்து.

“முந்தாநேத்து மாத்தினது மேடம். சின்னவர் ஓட்டினா வாரம் ஒண்ணு. வளைவு ஓரமா சிவப்பும் வெள்ளையுமா மேடு கட்டியிருக்கு பாருங்க, கெர்ப்புன்னு சொல்வோம், அதுமேல நாலு சக்கரத்தையும் ஏத்திடுவார். அடி பூரா சீவிடும்.”

“டெஸ்ட் அன்னிக்கு?”

டயர்க்காரரின் கை நின்றது. “அன்னிக்கு... கீறல் இல்லை.”

“ஒண்ணுகூடவா?”

“துடைக்கக்கூட வேலை இல்லை மேடம்.”

மேடம் வெளியே வந்து தூசியைத் தட்டினார். “இருபத்திரண்டு வருஷம் உடைஞ்சதையே பாத்தவ நான். உடைஞ்சது எப்பவாவது பொய் சொல்லும். உடையாதது சொல்லாது. கெர்ப்பைத் தொடாமலே அவ்வளவு வேகமா யார் ஓட்டுவாங்க?”

“பலகையோட விலை தெரிஞ்சவன் ஓட்டுவான்,” என்றார் டயர்க்காரர். சொல்லிவிட்டு, சொன்னது யாரோ என்பது போலப் பக்கத்துச் சுவரைப் பார்த்தார். அதன் பிறகு நாங்கள் என்ன கேட்டாலும் அவருக்குக் காது கேட்கவில்லை.

---

சின்ன சிமெண்ட் எங்களைக் கண்ணாடி அறையில் எழுந்து நின்று வரவேற்று, உட்கார வைத்தான். நான் வில்லனை எதிர்பார்த்துப் போயிருந்தேன். உருண்டை முகமும் ஈரக் கண்ணுமாக ஒரு பிள்ளை நின்றது. சட்டை, வயிற்றைச் சுற்றி வர கொஞ்சம் போராடிக்கொண்டிருந்தது. சுவரில் சட்டம் போட்ட தாள் ஒன்று. 1:31.4.

“அந்த ரவுண்டு எப்படி இருந்துச்சு, சொல்லுங்க. கேக்க ஆசையா இருக்கு,” என்றார் மேடம்.

அவன் முகம் மலர்ந்துவிட்டது. “பறந்தேன் மேடம்! எல்லா வளைவுலயும் கெர்ப் மேல ஏறி, தடதடன்னு... வண்டி தரையிலேயே இல்ல. பயந்தா வேகம் வராது. பொருளைப் பத்திக் கவலைப்படறவன் டிரைவரே இல்லை.”

“அருமை. உடம்பையும் நல்லாக் குறைச்சீங்களாமே டெஸ்டுக்கு?”

“உடம்பா? நானா?” சிரித்தான். “டயட்டெல்லாம் நமக்கு ஆகாது மேடம். அம்மா விடமாட்டாங்க.”

அவன் பார்க்காதபோது மேடம் என்னைப் பார்த்தார். முடிந்தது என்று அர்த்தம். ஆனால் நாங்கள் கிளம்பும்போது அவன் கதவுவரை வந்தான்.

“மேடம், வெளியில என்னைப் பத்தி என்ன பேசிக்கறாங்க? அப்பா காசுலதான் வந்தேன்னா?”

மேடம் கதவில் வைத்த கையை எடுத்தார்.

“அப்பாவே அப்படித்தான் நினைச்சிட்டிருந்தாரு. அந்த டைம் வந்த அன்னிக்குத்தான் முதல் தடவையா என் தோள்ல கை போட்டாரு.” சட்டம் போட்ட தாளைப் பார்த்தான். “அந்த ரவுண்டோட வீடியோவை நூறு தடவை பாத்திருப்பேன். சில சமயம் நிஜமாவே...” மீதியை விழுங்கினான்.

படியிறங்கும்போது நான் சொன்னேன்: “பணம் பாதாளம் வரைக்கும் பாயும்னு சொன்னவன், முதல் வளைவுல பிரேக் எங்க போடணும்னு சொல்லாமப் போயிட்டான் மேடம். சரி, ஹெல்மெட்டுக்குள்ள இருந்தது வேற ஆள். மெலிஞ்சவன். ஒன்றரை இஞ்ச் நெட்டையானவன். பலகை விலை தெரிஞ்சவன். இப்படி ஒரு ராட்சசன் ஊருக்குள்ள இருந்தா யாருக்கும் தெரியாமயா இருப்பான்?”

“தம்பியைக் கேப்போம். வேகமா ஓட்டறவன் யாருன்னு இன்னொரு வேகமா ஓட்டறவனுக்குத்தான் தெரியும்.”

“அவன் எங்க இருப்பான்?”

“மணி ரெண்டரை. வேலை பாக்கற இடத்துல,” என்றார் மேடம். பிறகு அந்த அபூர்வமான பொருளை, ஒரு புன்னகையை, வெளியே எடுத்தார். “உங்களுக்கும் அங்க ஒரு வேலை இருக்கு வக்கீல்.”

---

நாட்டிலேயே மிக வேகமாகக் கார் ஓட்டத் தெரிந்த ஒருவன், நாட்டிலேயே மிக மோசமாகக் கார் ஓட்டத் தெரிந்த ஒருவனுக்குப் பக்கத்தில் உட்கார்ந்து, மணிக்கு இருபது கிலோமீட்டர் வேகத்தில் செத்துக்கொண்டிருந்தான்.

தம்பிக்குப் பிழைப்பு டிரைவிங் ஸ்கூலில். கூரைமேல் பலகை, பக்கத்து இருக்கைக்கும் ஒரு பிரேக். நான் ஸ்டியரிங்கைக் கட்டிப்பிடித்திருந்தேன். மேடம் பின்னால், என் பாதுகாவலர் என்று சொல்லி ஏறியிருந்தார்.

“கிளட்சை மெதுவா விடுங்க சார். மெதுவா. அது ஒண்ணும் பாம்பு இல்லை.”

“பாம்புன்னா ஓடிடுவேன் தம்பி. இது ஓடவிட மாட்டேங்குதே.”

அவன் சிரித்தான். நல்ல சிரிப்பு. ஒடிசலான நெடிய உடம்பு, முழங்கால் முன்பலகையில் முட்டியது. அடுத்த திருப்பத்தில் நான் வழக்கம்போல அகலமாக வளைந்தேன். நடைபாதையின் ஓரக்கல் எங்களை நோக்கி வந்தது.

“சார், கல்லுல ஏத்தாதீங்க!” பாய்ந்து ஸ்டியரிங்கைத் திருப்பினான். சக்கரம் ஓரக்கல்லை ஒரு விரல் இடைவெளியில் உரசாமல் கடந்தது. அவன் முகம் வெளுத்திருந்தது. “டயர் போயிடும் சார். அடி வாங்கிடும். மாத்த யாரு இருக்கா?”

பின்னாலிருந்து மேடம் மெதுவாகக் கேட்டார். “ரேஸ்லயும் இப்படித்தானே தம்பி? கெர்ப்பைத் தொடவே மாட்டீங்க?”

“பழக்கம் மேடம். சின்னதுலேர்ந்து அக்கா சொல்லிச் சொல்லி... ஒரு பலகை உடைஞ்சா அந்த வருஷமே முடிஞ்சு போச்சு எங்களுக்கு.”

“சின்ன சிமெண்ட் சூட் இடுப்புல சரியா இருந்துச்சா?”

இன்ஜின் நின்றது. நான்தான் நிறுத்தினேன், காலை எங்கே வைப்பது என்று தெரியாமல். பின்னால் ஹார்ன் சத்தங்கள் ஆரம்பித்தன. தம்பி எதிரே பார்த்துக்கொண்டிருந்தான். முன்கண்ணாடியில் பார்க்க ஒன்றும் இல்லை.

எனக்கு இன்னமும் மின்சாரம் முழுதாக வரவில்லை. “நீ... நீயா? உன்னைத் தோக்கடிச்சது நீயா?”

“புள்ளி ஏழு விநாடி வித்தியாசத்துல,” என்றான் தம்பி.

பிறகு சொன்னான். யாரிடமாவது சொல்ல மாட்டோமா என்று மூன்று வாரமாகத் தவித்தவன் சொல்வது போல, வேகமாக.

“டெஸ்டுக்கு முந்தின வாரம் ஓனர் கூப்பிட்டாரு. ‘சீட் முடிவாயிடுச்சு, உனக்கு இல்லை. ஆனா பெரிய சிமெண்ட்டுக்கு சீட் மட்டும் போதலை. பையன் திறமையில வந்தான்னு ஊர் சொல்லணுமாம். அதுக்கு ஒரு டைம் வேணும். நீ போட்டுக் குடு’ன்னாரு. முடியாதுன்னேன் மேடம். சத்தியமா எழுந்துட்டேன். அப்ப அவர் டயர் அலமாரியைத் திறந்தாரு. புதுசு. உறைகூடப் பிரிக்கல. ‘இது அவன் பேர்ல வந்தது. அவன் பேர்லதான் ஓட்ட முடியும்’னாரு.”

ஹார்ன்கள் எங்களைச் சுற்றிக்கொண்டு போயின. ஒருவர் என் பரம்பரையை விசாரித்துவிட்டுப் போனார்.

“ஏழு வருஷமா ஓட்டறேன். புது டயர்ல ஒரு ரவுண்டுகூட ஓட்டினதில்லை. எல்லாரும் சொல்வாங்க, பழைய டயர்லயே இப்படின்னா புதுசுல எப்படி இருப்பான்னு. எனக்கும் அதேதான். நான் எவ்வளவு வேகம்னு எனக்கே தெரியாது மேடம். தெரியாமலே போயிடுமோன்னு பயம் வந்துடுச்சு.”

“தெரிஞ்சுதா?” என்றார் மேடம்.

“தெரிஞ்சுது.” அவன் முகத்தில் ஒரு வெளிச்சம் வந்தது. “ஆறாவது வளைவுல கொஞ்சம் விட்டுட்டேன். இன்னொரு ரவுண்டு குடுத்திருந்தா முப்பத்தொண்ணுக்குள்ளயே வந்திருப்பேன். ஒரு ரவுண்டுதான்னு சொல்லிட்டாங்க.”

“பதிலுக்கு ஏதாவது குடுத்தாங்களா?”

“அடுத்த வருஷம் பாக்கலாம்னாங்க. அடுத்த வருஷத்துக்கு ஒரு மருந்துக் கம்பெனிக்காரர் பொண்ணு வர்றாங்களாம். நேத்துதான் தெரிஞ்சுது.”

“புகார் போனா?” என்றேன்.

“ஆள் மாறாட்டம் சார். ரெண்டு பேர் ரேஸ் லைசென்ஸும் ஆயுசுக்கும் போகும். அவன் அப்பா வேற நாட்டுல வாங்கிக் குடுப்பாரு. நான் இந்த சீட்டுலயே உக்காந்திருக்க வேண்டியதுதான்.” காலடியிலிருந்த அந்த இரண்டாவது பிரேக்கைத் தட்டினான். பிறகுதான் குரல் உடைந்தது. “அக்காகிட்ட மட்டும் சொல்லாதீங்க மேடம். நான் ஏமாந்தவன்னு நினைச்சுக்கிட்டிருக்காங்க. அப்படியே இருக்கட்டும்.”

---

நாலே கால் மணி. தையல் கடைக்கு எதிரே காரை நிறுத்திவிட்டு மேடம் இறங்கவில்லை.

“கேஸ் குடுத்தது அக்கா. உண்மை அவங்களுடையது, நம்முடையது இல்லை,” என்றார்.

“உண்மையை வச்சு அவங்க என்ன மேடம் பண்ணப் போறாங்க? அதை நூல்ல கோக்க முடியுமா? ஒரு தடவை, ஒரே தடவை, நான் பேசறேன். வாதாடறதுக்குத்தானே ரெண்டு வருஷம் படிச்சேன்.”

மேடம் கார்ச் சாவியை உருவினார். அதை அனுமதியாக எடுத்துக்கொண்டேன்.

உள்ளே அக்கா மெஷினுக்கு முன்னால் உட்கார்ந்திருந்தார். மெஷின் ஓடவில்லை.

“அக்கா, நல்லா விசாரிச்சுட்டோம்,” என்று தொண்டையைச் செருமினேன். “காத்து அன்னிக்கு மத்தியானம் கொஞ்சம் சாதகமா அடிச்சிருக்கு. தரையும் சூடு. இந்த மாதிரி நேரத்துல சில பேருக்கு அதிர்ஷ்டம்னு ஒண்ணு... அதாவது சட்டப்படி பாத்தாலும்...”

“வக்கீல் சார்.”

“சொல்லுங்கக்கா.”

“நீங்க கோர்ட்டுக்குப் போகாதது நல்லதாப் போச்சு. உங்களுக்குப் பொய் சொல்ல வரல.”

அவர் மடியில் அளவு நாடா சுருண்டு கிடந்தது. பிரித்த தையலின் நூல்கள் புடவையெங்கும்.

“கால் எதுக்குக் கூட்டினாங்கன்னு மேடம் காலையில கேட்டாங்க. அதுவரைக்கும் நான் யோசிக்கவே இல்லை. குறைன்னா குறைப்பேன், கூட்டுன்னா கூட்டுவேன். என்ன வருதுன்னு கடைசியில கணக்குப் போட்டுப் பாக்கல.” நாடாவை விரலில் சுற்றினார். “சின்னவருக்கு இடுப்பு முப்பத்திநாலு. நாலு போனா முப்பது. கால் இருபத்தொன்பதரை. ஒன்றரை சேந்தா முப்பத்தொண்ணு. முப்பது, முப்பத்தொண்ணு. அந்த அளவுக்கு நான் நாடாவே எடுக்கறதில்லை மேடம். கை தானா வெட்டும்.”

மேடம் அவர் எதிரே இருந்த முக்காலியில் உட்கார்ந்தார்.

“நானே தைச்சுக் குடுத்திருக்கேன்,” என்றார் அக்கா. “என் கையாலயே. அப்புறம் போய் வேலியோரமா நின்னு...” வலது கையை எடுத்து வாயைப் பொத்திக்கொண்டார். கை விளங்காமப் போக என்று சபித்த வாய்.

நான் சுவரில் தொங்கிய நூல் கண்டுகளை எண்ணினேன். பதினாலு. மறுபடி எண்ணினேன்.

“எதுக்காம்?” என்றார் கடைசியில். “காசுக்கா?”

“புது டயருக்கு,” என்றார் மேடம்.

அக்கா கொஞ்ச நேரம் தலையை ஆட்டிக்கொண்டே இருந்தார். “புது செருப்பு வாங்கிக் குடுத்தா, கூடத்துக்கும் அடுப்படிக்கும் ஓடி ஓடிப் பாப்பான். ‘வேகமா ஓடறேனாக்கா?’ம்பான். ரெண்டு வருஷத்துக்கு ஒரு செருப்பு. அளவு பெருசா வாங்கிடுவேன்.” கண்ணைத் துடைத்தார். “அன்னிக்கு அவன் போனதைப் பாத்தீங்களா நீங்க? நான் பாத்தேன். அப்படி ஒரு வேகம். தண்ணி மேல துணி விரிச்ச மாதிரி, ஒரு சுருக்கம் இல்லாம. எவனோன்னு நினைச்சு வயிறெரிஞ்சேன். பெருமைப்பட வேண்டிய ஒரே ரவுண்டு. அதைச் சாபம் குடுத்து அனுப்பிட்டேன்.”

மணி நாலு நாற்பது. சங்க அலுவலகம் பத்து நிமிட தூரம். கத்தரிக்கோலுக்கு அடியில் புகார்ப் படிவம்.

“போகணும்னா வண்டி வாசல்ல நிக்குது,” என்றார் மேடம். “நீங்க சொல்றதுதான்.”

அக்கா படிவத்தை எடுத்தார். தன் கையெழுத்தைப் பார்த்தார். நாலாக மடித்தார். கிழிப்பார் என்று நினைத்தேன். கிழிக்கவில்லை. சின்ன சிமெண்ட்டின் சூட்டை உட்புறம் வெளியே வரத் திருப்பி, கழுத்துப் பட்டையின் உள்மடிப்புக்கு அடியில் அந்தக் காகிதத்தை வைத்து, இரண்டையும் மெஷினில் செருகினார். எழுத்துத் தைக்கும்போது துணி இழுபடாமல் இருக்க அடியில் கெட்டிக் காகிதம் கொடுப்பார்கள். வேலை முடிந்ததும் பிய்த்துப் போட்டுவிடுவார்கள்.

“புது டயர்ல எவ்வளவு?” என்று கேட்டார். தெரியாமல் கேட்கவில்லை.

“ஒண்ணு முப்பத்தொண்ணு புள்ளி நாலு,” என்றார் மேடம்.

மெஷின் ஓடியது. எரியாத நூல், கறுப்பு. ஊசி புகார்ப் படிவத்தைப் பொத்துப் பொத்து ஒவ்வோர் எண்ணாக எழுதிக்கொண்டு போனது. 1. 31. 4. அதற்குப் பக்கத்தில், யாரும் கேட்காமலே, 30, 31. பிறகு காகிதத்தைப் பிய்த்தார். அது துளைத் துளையாகக் கையோடு வந்தது. சூட்டைத் திருப்பினார். வெளியில் ஒன்றும் தெரியவில்லை. முதுகில் சிமெண்ட் கம்பெனியின் பெயர் மட்டும், கேட்டதைவிடப் பெரிதாக.

கழுத்துப் பட்டையைத் தடவிப் பார்த்தேன். முடிச்சுகளை வெட்டாமலே விட்டிருந்தார்.

“அக்கா, இது கழுத்துல உறுத்துமே,” என்றேன்.

“உறுத்தட்டும்,” என்றார் அக்கா.